அட்மின் பாஸ்வேர்டைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்

கோவில்பட்டியிலும், எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கங்களிலும் வைஃபை பொருத்தித் தரும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே,

தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கம்பெனி, ஜவுளிக்கடை, நர்சரிப் பள்ளி, கல்யாண மண்டபம் என்று இந்த வட்டாரத்தில் எங்கே நுழைந்தாலும் சுவரிலோ கூரைக்கு அடியிலோ நீங்கள் மாட்டிய ஆக்சஸ் பாயிண்ட் என்ற வெள்ளைப் பெட்டி ஒன்று சின்ன விளக்கோடு இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பணம் கொடுத்த அண்ணாச்சிக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒன்று, செல்போனில் அடித்து நெட் பார்க்கிற வைஃபை பாஸ்வேர்டு. அது கடைப்பையனுக்கும் தெரியும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும். மற்றது அட்மின் பாஸ்வேர்டு. வைஃபையின் பெயரை மாற்றுவதற்கும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கும், மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும் அது வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று விசாரித்தால், மாட்டிய தம்பியின் ஞாபகத்தில் இருக்கும், அல்லது அவருடைய பழைய செல்போனில் இருக்கும். அந்தத் தம்பி கோயம்புத்தூருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போய்விட்டால், சொந்தக்காரருக்கே வழிவிடாமல் பெட்டி பூட்டிக்கொள்கிறது. இதை நாம் கருவியின் கோளாறு என்கிறோம், இல்லையென்றால் உரிமையாளரின் மறதி என்கிறோம். என் கட்சி வேறு. இது ஒப்படைப்பில் நேருகிற குறை. வேலை முடிந்த அன்றைக்கே அட்மின் பாஸ்வேர்டை எழுத்தில் உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி எழவே எழாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், உங்கள் தரப்பில் வரக்கூடிய மறுப்புகளுக்கு என் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் கம்பியில்லா இணைப்புக்கு இருக்கிற மவுசு பெருநகரங்களைவிட ஒரு படி அதிகம். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டுச் சுவரையே விரிய வைக்கிற மண்ணில் பதித்த குழாயும் கேபிளும் நிம்மதியாகக் கிடக்காது. அதே சமயம் மரமும் மேடும் குறைந்த வெட்டவெளி இது. டவுனில் ஒரு மொட்டை மாடியில் ஏறினால் ஊருக்கு வெளியே இருக்கிற தீப்பெட்டி ஆபீஸின் கூரை கண்ணுக்குத் தெரியும். ரேடியோ அலைக்கு இது வாட்டமான நிலம். மத்திய அரசு 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் வெளியிடங்களில் உரிமமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டது. ஆகவே மாடியில் ஒரு டிஷ், ஆபீஸ் கூரையில் ஒரு டிஷ் என்று காற்றிலேயே பாலம் போட்டுவிடுகிறீர்கள். தொழில் அந்தப் பாலத்தின் மேல்தான் நடக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு வெளிமாநிலம் போக இணையத்தில் எடுக்கிற இ-வே பில் வேண்டும். லாரி எண்ணைப் பதிந்து, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கெடுவோடு அது கையில் வந்த பிறகுதான் பண்டல் ஏற்றிய வண்டி கிளம்பும். வழியில் வண்டி மாறினால் திரும்பவும் இணையத்தில் போய் எண்ணை மாற்ற வேண்டும். இத்தனைக்கும் 2007-லிருந்து 2021 நவம்பர் வரை ஒரு தீப்பெட்டி ஒரு ரூபாய்க்குத்தான் விற்றது. 14 வருஷம் கழித்து, 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாயானது. 600 பெட்டி பண்டலில் பைசாக் கணக்கு பார்க்கிற தொழிலில், பாஸ்வேர்டு தெரியவில்லை என்பதற்காக நல்ல கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பூட்டிக்கொண்ட ஆக்சஸ் பாயிண்ட் தான் பூட்டிக்கொண்டதை வெளியே காட்டிக்கொள்ளாது. நெட் ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டிய நாளில்தான் சங்கதி தெரியும். வேலையை விட்டுப் போன ஆளின் செல்போனில் இன்னும் ஆபீஸ் வைஃபை எடுக்கிறது, பாஸ்வேர்டை மாற்று என்பார் முதலாளி. நெட் கம்பெனியை மாற்றுவார்கள். புதிதாக நாலு கேமரா வாங்குவார்கள். அல்லது உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ ஒரு ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். 2017 அக்டோபரில் மேத்தி வான்ஹோஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர், அன்றைக்கு எல்லோரும் நம்பியிருந்த டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பு முறையிலேயே பலவீனம் இருப்பதை வெளியிட்டார். செல்போன்களுக்கும் கணினிகளுக்கும் மட்டுமல்லாமல், ரிப்பீட்டராகவும் காற்றுப்பாலத்தின் மறுமுனையாகவும் இயங்குகிற பெட்டிகளுக்கும் புது மென்பொருள் ஏற்ற வேண்டியதாயிற்று. உள்ளே போக முடியாத பெட்டியில் எதை ஏற்றுவது?

திறக்கிற வழி உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அதை ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான், எழுதி வைக்காத ஒரு வரி எவ்வளவு வேலை வைக்கிறது என்பது புலப்படும். முதலில், பெட்டி உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நேரங்களில் பாஸ்வேர்டில் தகராறு இருக்காது, முகவரியில்தான் இருக்கும். ஆக்சஸ் பாயிண்ட் 192.168.0.254 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும். நெட் கம்பெனி கொடுத்த ரூட்டரோ 192.168.29 வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். லேப்டாப் அந்த ரூட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டு ஆக்சஸ் பாயிண்டைத் தேடினால் பக்கமே திறக்காது. பெட்டியை ரூட்டரிலிருந்து கழற்றி, லேப்டாப்போடு நேராக ஒயரில் இணைத்து, லேப்டாப்புக்கு 192.168.0.10 என்று கையால் முகவரி கொடுத்தால் வாசல் தெரியும். பெட்டி தானாக முகவரி வாங்கிக்கொள்கிற ரகமென்றால், ரூட்டரின் பட்டியலில் ஸ்டிக்கரில் இருக்கிற மேக் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாசல் தெரிந்த பிறகு வருகிறது ஊகம்: கம்பெனி போட்ட பாஸ்வேர்டு, கடைப்பெயரோடு 123, தம்பியின் செல்போன் எண். இதிலும் நிதானம் வேண்டும். தப்பாகவே பலமுறை அடித்தால் சில பெட்டிகள் கொஞ்ச நேரத்துக்கு வாசலையே மூடிவிடும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் ரீசெட். ஊசி போகிற ஓட்டையில் பத்து விநாடி அழுத்தினால் தீர்ந்தது என்று சொல்லிவிடுகிறோம். பெட்டிக்குத்தான் அது பத்து விநாடி. கடைக்கு அரை நாள். அட்மின் பாஸ்வேர்டோடு சேர்ந்து எல்லாமே அழிந்துவிடும். வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, கேமராவுக்கென்று பிரித்து வைத்த தனி வழி, பில் போடுகிற பிரிண்டருக்குக் கொடுத்த நிலையான முகவரி, காற்றுப்பாலமாக இருந்தால் எதிர்முனையின் அடையாளம், அலைவரிசை, தூரக் கணக்கு, எதுவும் மிஞ்சாது. ரீசெட் செய்த பிறகு வைஃபைக்கு வேறு பெயரோ வேறு பாஸ்வேர்டோ கொடுத்துவிட்டால், விரல் வைத்து வருகை பதிகிற மெஷினிலிருந்து கேமரா வரைக்கும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும். ரீசெட்டுக்கு முன்னால் ஏற்கெனவே இணைந்திருக்கிற ஒரு ஆண்ட்ராய்டு செல்போனை வாங்கி, பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களில் வைஃபையைப் பகிர்கிற கியூ.ஆர். கட்டம் இருக்கிறது, அதிலேயே இரண்டும் கிடைத்துவிடும். அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு முறை என்று திரும்பப் போட்டால் மற்ற சாமான்கள் எதுவும் நடந்ததாகவே தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும். இது தெரிந்த தம்பி வந்தால் கடை தப்பித்தது. தெரியாத தம்பி வந்தால் அன்றைய பொழுது போச்சு.

இதெல்லாம் கைக்கு எட்டுகிற பெட்டியின் கதை. தகரக் கூரைக்கு மேலே இருபது அடிக் குழாயில் கட்டிய டிஷ்ஷின் ரீசெட் பட்டன் அதன் அடிப்புற மூடிக்குள் இருக்கிறது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக்காற்றில் குழாயில் ஏறி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஊசி விடுவது என்ன வேலை என்று ஏறியவர்களுக்குத்தான் தெரியும். யுபிக்விட்டியின் பழைய மாடல்கள் சிலவற்றில், கீழே கரண்ட் கொடுக்கிற அடாப்டரிலேயே ரீசெட் பட்டன் வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் இடி விழுந்து அடாப்டர் போய், வேறு ஏதோ ஒன்றை மாட்டியிருந்தால் அதுவும் இல்லை. இப்போது புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கிற பழக்கத்துக்கு அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2020 ஜனவரியிலும், பிரிட்டன் 2024 ஏப்ரலிலும் சட்டம் போட்டுத் தடை விதித்தன. கம்பெனிகளும் பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்டு போட்டு ஸ்டிக்கரில் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டன. மைக்ரோடிக்கின் புது மாடல்கள் அப்படித்தான். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ரீசெட் செய்தாலும் அந்தப் பெட்டி கேட்பது ஸ்டிக்கரில் உள்ள எழுத்தைத்தான். நம் வெயிலில் மொட்டை மாடியில் இரண்டு கோடை கிடந்த ஸ்டிக்கரில் என்ன மிச்சம் இருக்கும்?

ஊசி ஓட்டையால் ஒன்றும் ஆகாத ரகமும் வந்துவிட்டது. நாலைந்து ஆக்சஸ் பாயிண்டுகளைச் சேர்த்து நடத்துகிற பள்ளிக்கும் மண்டபத்துக்கும் நீங்கள் கன்ட்ரோலர் போடுகிறீர்கள். யூனிஃபையோ ஒமாடாவோ, அந்தக் கன்ட்ரோலர் மென்பொருள் பல இடங்களில் மாட்டிய தம்பியின் லேப்டாப்பில்தான் இருக்கும். லேப்டாப் கெட்டாலும் தம்பி ஊரை விட்டுப் போனாலும் வைஃபை ஓடும். ஆனால் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. வேறொருவர் புதுக் கன்ட்ரோலரோடு வந்தால் பெட்டிகள் வேறொருவரின் பொறுப்பில் இருப்பதாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். பழைய கன்ட்ரோலரின் பேக்கப் ஃபைல் ஒன்று பென்டிரைவில் இருந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு பெட்டியாக ஏணி போட்டு ஏறி ரீசெட் செய்ய வேண்டும். இவையாவது ரீசெட்டுக்குக் கட்டுப்படுகிறவை. சிஸ்கோவின் மெராகி போன்றவை சீரியல் எண்ணை வைத்துக் கம்பெனியின் சர்வரிலேயே ஒரு கணக்கின் பேரில் பதிவாகிவிடுகின்றன. எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் அந்தப் பதிவு அழியாது. பழைய கணக்குக்காரர் விடுவிக்க வேண்டும், அல்லது வாங்கிய பில்லோடு கம்பெனியிடம் மன்றாட வேண்டும். ஆன்லைனில் செகண்ட்ஹேண்டாக மலிவுக்குக் கிடைக்கிறதே என்று இந்த ரகத்தை வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிப்பது நல்லது. நாளைக்கு எல்லாக் கருவிகளும் இந்தப் பக்கம்தான் போகப்போகின்றன என்று படுகிறது. ரீசெட் இருக்கிறதே என்ற தைரியத்துக்கு ஆயுசு குறைவு.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பில் நியாயம் இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் அண்ணாச்சியின் மகனோ கடைப்பையனோ உள்ளே போய் எதையாவது நோண்டுவான், நெட் நின்றுவிடும், ராத்திரி பத்து மணிக்கு நமக்குத்தான் போன் வரும், அதுவும் ஓசி வேலை. உண்மைதான். ஆனால் விவரமில்லாதவருக்குப் பாஸ்வேர்டு கொடுக்க மாட்டேன் என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகப் பிரசித்தமான வழக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில் டெர்ரி சைல்ட்ஸ் என்ற பொறியாளர் நகரத்தின் ஃபைபர் வலையமைப்பைக் கட்டி நடத்தி வந்தார். திறமைசாலி. 2008 ஜூலையில் மேலதிகாரிகள் பாஸ்வேர்டு கேட்டபோது, அதைப் பெறத் தகுதியானவர் அந்த அறையில் யாருமில்லை என்பது அவருடைய நிலை. யாரும் குறுக்குவழியில் நுழைய முடியாதபடி சில கருவிகளில் பாஸ்வேர்டு மீட்பு வசதியையே நிறுத்தி வைத்திருந்தார். கைது செய்து 50 லட்சம் டாலர் ஜாமீன் கேட்டார்கள். கடைசியில் மேயர் காவின் நியூசம் சிறைக்கே நேரில் போய்த்தான் பாஸ்வேர்டுகளை வாங்கி வர முடிந்தது. இத்தனை நாளும் நகரத்தின் நெட் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதையே அவர் தரப்பு பெரிதாகப் பேசியது. ஆனால் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் நீதிமன்றம் பார்க்கவில்லை. உரியவருக்கு வழி மறுக்கப்பட்டதா என்று பார்த்தது. 2010-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி நாலு வருஷச் சிறை கிடைத்தது. தீர்ப்புச் சொன்ன ஜூரிகளில் ஒருவர் தாமே நெட்வொர்க் பொறியாளர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழில் தெரியாதவர்கள் கூடி அவரைத் தண்டித்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

நோண்டுவார்கள் என்ற பயத்துக்கு மருந்து வேறு. கொஞ்சம் நல்ல கருவிகளில் பார்க்க மட்டும் அனுமதிக்கிற கணக்கு ஒன்றைத் தனியாக உண்டாக்கலாம்; அன்றாடம் பார்க்க விரும்புகிற மகனுக்கு அதைக் கொடுங்கள். முழு அதிகாரமுள்ள பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, கடைச் சாவிக்கொத்தும் ஜி.எஸ்.டி. காகிதங்களும் இருக்கிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அமைப்பு முழுவதையும் ஒரு பேக்கப் ஃபைலாக எடுத்து உங்களிடம் ஒன்றும் அவரிடம் ஒன்றும் இருக்கட்டும். யாராவது கெடுத்தாலும் அந்த ஃபைலை ஏற்றினால் பழையபடி ஆகிவிடும். உறையைப் பிரித்து நோண்டியதால் வந்த ரிப்பேருக்குத் தனிக் கூலி என்று பில்லிலேயே எழுதிவிடுங்கள். பிரித்த உறை அண்ணாச்சி முன்னால் கிடக்கும்போது அந்தக் கூலியைப் பற்றித் தர்க்கம் வராது.

இரண்டாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாஸ்வேர்டு கையில் இருந்தால்தான் வாடிக்கையாளர் நம்மிடமே வருவார். கொடுத்துவிட்டால் இன்னொருவனைக் கூப்பிட்டுக்கொள்வார். பாக்கிப் பணத்தை வசூலிக்கவும் அது ஒரு பிடி. வயிற்றுப்பாட்டை நான் இளப்பமாகப் பேசவில்லை. ஆனால் இந்தப் பிடி சட்டத்தில் நிற்காது. விற்றவர் பணம் வரும்வரை சரக்கைப் பிடித்து வைக்கலாம். சரக்கை ஒப்படைத்துவிட்டால் பிடித்து வைக்கும் உரிமை போய்விடுகிறது, பணத்துக்கு வழக்குப் போடும் உரிமைதான் மிஞ்சுகிறது என்பது 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன்னும் நேராகப் பேசுகிறது. கணினியையோ வலையமைப்பையோ பயன்படுத்த உரிமையுள்ளவருக்கு வழியை மறுப்பது 43-ஆம் பிரிவில் நஷ்டஈட்டுக்கு உரிய செயல். அதையே நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறந்துபோவது குற்றமல்ல. பணம் வந்தால்தான் பாஸ்வேர்டு என்று சொல்வது அந்தக் கோட்டை நெருங்குகிறது. கொத்தனார் கட்டி முடித்த வீட்டின் சாவியை மடியில் செருகிக்கொண்டு போய், அடுத்த வெள்ளையடிப்புக்கும் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள், தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பெட்டியைத் துடைத்துச் சரிபார்த்துக் கொடுங்கள். இந்தப் புழுதியில் அதற்கு வேலை எப்போதும் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைப்பது பாதுகாப்பில்லை என்பது. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற பெரிய அலுவலகத்துக்கு அது சரி. ஒரு தீப்பெட்டி ஆபீஸின் பீரோவைத் திறந்து வைஃபைக் கருவியின் பாஸ்வேர்டைத் திருடுகிற ஆள் வெகு அபூர்வம். பீரோவைத் திறந்தவன் அதைவிட நல்ல சாமானைத்தான் எடுப்பான். ஆபத்து இணையத்தின் வழியாக வருகிறது, ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டால் வருகிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கிப் போட்டது. அது கையில் வைத்திருந்த ஆயுதம் கம்பெனிகள் போட்டு விற்ற பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபத்துச் சொச்சம், அவ்வளவுதான். தாளில் எழுதிய நீளமான பாஸ்வேர்டு, ஞாபகத்தில் வைத்த குட்டிப் பாஸ்வேர்டைவிட எத்தனையோ மேல்.

பாதுகாப்பு என்ற பேச்சுக்கு அடியில் இன்னொரு விஷயம் இருப்பதாக எனக்குச் சந்தேகம். ஒரே அட்மின் பாஸ்வேர்டை எல்லாக் கடைக்கும் போட்டுவிடுவது வேலைக்குச் சுலபம். அப்படிப் போட்டிருந்தால் ஒரு அண்ணாச்சிக்குக் கொடுப்பது நாற்பது அண்ணாச்சிகளின் கதவையும் அவருக்குத் திறந்து காட்டுவதாகிவிடும். ஆகவே யாருக்கும் கொடுக்க முடியாது. தயக்கத்தின் வேர் இங்கேதான் என்றால், ஒப்படைப்பைத் தள்ளிப் போடுவதற்கு இது காரணமாகாது, ஒப்படைப்பு அவசரம் என்பதற்குத்தான் காரணம். உங்களிடம் வேலை பழகிய பையன் ஒருவன் கோபித்துக்கொண்டு போனால் அத்தனை கடையின் வலையமைப்பும் அவன் கையில். கடைக்கொரு பாஸ்வேர்டு என்று மாறினால், எழுதிக் கொடுக்காமல் உங்களாலும் சமாளிக்க முடியாது. எழுதிக் கொடுக்கிற கட்டாயமே நல்ல பாஸ்வேர்டு போடுகிற பழக்கத்தையும் கொண்டுவந்துவிடும்.

பொறுப்பு யார் தலையில் விடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீசார் அதைத் தடம் பிடித்துப் போய் நின்றது நவி மும்பையில் ஒரு வெளிநாட்டுக்காரரின் குடியிருப்பில். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்த வருஷமே தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்தல் அனுப்பியது. இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பெட்டியை மாட்டியவரைப் பிறகுதான் தேடுவார்கள். யார் யார் இணைந்தார்கள் என்ற பட்டியலைக்கூடப் பார்க்க முடியாத நிலையில் உரிமையாளரை வைத்துவிட்டு, பொறுப்பை மட்டும் அவர் பேரில் விடுவது முறையாகாது.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். ஃபைபர் இணைப்போடு நெட் கம்பெனி கொடுக்கிற மோடம் பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. அதன் உச்ச அதிகாரக் கணக்கு அவர்களிடம்தான் இருக்கும், தூரத்திலிருந்தே அதை இயக்குவார்கள், அதை நீங்கள் கொடுக்கவும் முடியாது. அந்த இடத்தில் எது கம்பெனியுடையது, எது அண்ணாச்சி காசு கொடுத்து வாங்கியது என்று பிரித்துச் சொன்னால் போதும். அது சொல்லப்படாததால்தான், கம்பெனியை மாற்றும்போது தன் சொந்த ஆக்சஸ் பாயிண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிற கூத்து நடக்கிறது.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்பது பெரிய விஷயமில்லை. அரைப் பக்கம் போதும். கருவியின் மாடல், மேக் எண், எந்த முகவரியில் திறக்கும், அட்மின் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, மாட்டிய தேதி, உங்கள் பெயர். குழாயில் ஏற்றுவதற்கு முன்னால் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அண்ணாச்சியின் வாட்ஸாப்புக்கே அனுப்பிவிடலாம். கன்ட்ரோலர் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் தொடங்காமல் கடையின் மின்னஞ்சலில் தொடங்கி, உங்களை அதில் இன்னொரு நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாற்றமே பாதிப் பூட்டைத் தவிர்த்துவிடும். ஏற்கெனவே மாட்டிவிட்ட இடங்களுக்கு அடுத்த ரீசார்ஜுக்கோ ரிப்பேருக்கோ போகும்போது செய்தால் போதும். வெளியூர் போய்விட்ட தம்பிமார் வாட்ஸாப்பில் அனுப்பிவைக்கட்டும். இதற்கென்று நூறு ரூபாய் தனியாக வாங்கினாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். தாளைத் தமிழில் அடியுங்கள், பாஸ்வேர்டைக் கையால் கிறுக்காமல் அச்சில் அடியுங்கள். பாஸ்வேர்டு அமைக்கும்போதே சைபர், ஓ, ஒன்று, சின்ன எல் ஆகிய நாலையும் தவிர்த்துவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து அந்தத் தாளைப் பார்த்து அடிக்கப்போகிறவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிற கணக்குப்பிள்ளையாக இருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்